‘ஃபோர் ட்வென்டி’ எங்கே போனது?

வாரம் ஒருமுறை காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்கு ஒரு கேள்வி போடுவது என் வழக்கம். அண்மையில் நான் கேட்டது: “ஏமாற்றுக்காரனை நாம் ஏன் ‘ஃபோர் ட்வென்டி’ என்கிறோம்?”

வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. ராஜ் கபூரின் 1955ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ரீ 420’தான் காரணம் என்றார் ஒருவர். ‘அவ்வை சண்முகி’யை இந்தியில் எடுத்தபோது கமல் அதற்கு ‘சாச்சி 420’ என்று பெயர் வைத்ததை இன்னொருவர் நினைவூட்டினார். டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், “அது அந்தக் காலத்து லாரி நம்பர் தம்பி” என்று அடித்துச் சொன்னார். அவருக்கும் ஒரு பாட்டு போட்டேன்.

சரியான விடை பலருக்குத் தெரிந்ததுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420வது பிரிவு, ஒருவரை ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ வாங்குவதைப் பற்றியது. நம் படங்களில் வரும் நீதிபதிகள் ‘இ.பி.கோ. 302’ என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிப்பார்களே, அதே சட்டம்.

நிகழ்ச்சிக்குத் தயார்செய்தபோது நான் தெரிந்துகொண்டது வேறு. இந்தியாவில் இப்போது அந்த எண்ணே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அங்கே புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா. ஏமாற்றுக் குற்றம் 318வது பிரிவுக்குப் போய்விட்டது. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்கு இடம்மாறிவிட்டது. இனி வசனம் எழுதுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். “நீ சரியான த்ரீ எய்ட்டீன்டா” என்று சொல்லிப் பாருங்கள், வாயில் ஒட்டவே ஒட்டாது.

ஆனால் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தைப் புரட்டினால் 420 அப்படியே இருக்கிறது. பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனாலும் அதே 420. கொலைக்கு இரண்டு நாட்டிலும் 302தான்.

காரணம் நம் பழைய கதை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதி 1867 வரை கல்கத்தாவின் கீழ்தான் இருந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் எழுதி முடித்த வரைவு, 1860இல்தான் இந்தியாவில் சட்டமானது. அதைப் பார்க்க மெக்காலே இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அந்தச் சட்டத்தை அடியொற்றிய தண்டனைச் சட்டம் 1872இல் இங்கே நடப்புக்கு வந்தது. கப்பலேறி வந்த நம் முன்னோர்களுக்கு இங்கே எல்லாமே புதிதாக இருந்திருக்கும். ஃபோர் ட்வென்டி மட்டும் ஊரிலும் இங்கும் ஒன்றே.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதில் வரும் குட்டிக் கதைகள். ஒவ்வொரு குற்றத்தையும் விளக்க ‘ஏ’, ‘இசட்’ என்று பெயரிட்ட ஆட்கள் வருவார்கள். இந்திய மூலத்தில் திருட்டுக்குச் சொன்ன உதாரணம் ஒன்று: புதையல் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு காளை வருகிறது. அதை ‘ஏ’ தனக்கு வேண்டிய பக்கம் ஓட்டுகிறான். காளை நகர்ந்த நொடியே அவன் புதையலைத் திருடியவன் ஆகிறான். புதையலோடு தனியாகக் காளை நடமாடிய ஊர் எதுவோ, எனக்கும் முகவரி வேண்டும்.

ஏமாற்றுக்கு இலக்கணம் சொல்லும் 415வது பிரிவுக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. அங்கே தரப்பட்டிருக்கும் முதல் உதாரணமே இது: ‘ஏ’ தன்னை அரசாங்க ஊழியன் என்று பொய் சொல்லி ‘இசட்’டை நம்ப வைக்கிறான். பணம் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் கடனுக்குப் பொருளை வாங்கிக்கொள்கிறான். ‘ஏ’ ஏமாற்றுகிறான்.

தொலைபேசியே இல்லாத காலத்தில் எழுதியது. நம் அம்மாக்களின் கைப்பேசிக்கு வரும் அழைப்பும் இதேதான்.

இதை நான் வானலையில் சொன்ன அன்று, நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது தயாரிப்பாளர் கை காட்டினார். லைனில் ஓர் அம்மா காத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன்.

“எனக்கும் அப்படித்தான் வந்துச்சு தம்பி. அதிகாரின்னு சொன்னான். என் பேர்ல கேஸ் இருக்காம். வீடியோவுல சட்டை, பேட்ஜ் எல்லாம் காட்டினான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னான். ரொம்ப மரியாதையாப் பேசினான் தம்பி, அதான் நம்பிட்டேன்.”

நாற்பதாயிரம் வெள்ளியை மாற்றிவிட உட்கார்ந்திருக்கிறார். மகன் அன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார். மகன் கத்தியும்கூட முதலில் அவர் நம்பவில்லையாம். “அதிகாரி பொய் சொல்லுவாரா, நீ சும்மா இருடான்னு அவனையே திட்டினேன்” என்றார்.

சட்டம் இப்போது யோசிப்பது இந்த இடத்தைத்தான். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மோசடிப் பாதுகாப்புச் சட்டம் பலருக்குத் தெரியவில்லை. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார், யார் சொல்லியும் கேட்கவில்லை என்றால், காவல்துறை அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுத்துவைக்கலாம். முதலில் 30 நாள்வரை, பிறகு தேவைப்பட்டால் ஐந்து முறை நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி உண்டு. நம் பணத்தை நாமே எடுக்க முடியாதா என்று எனக்கும் முதலில் சுருக்கென்றது. அந்த அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு அந்தச் சுருக்கு கொஞ்சம் குறைந்துவிட்டது.

தண்டனையைப் பார்த்தால், சிங்கப்பூரில் 420க்குப் பத்தாண்டுவரை சிறை, அபராதம். மலேசியாவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்தாண்டு, கூடவே பிரம்படி. 2025 நவம்பரில் நம் நாடாளுமன்றமும் மோசடிக்காரர்களுக்குக் கட்டாயப் பிரம்படியை நிறைவேற்றியது: 6 முதல் 24 அடிவரை.

“அதெல்லாம் பெரிய கும்பலுக்கு” என்று நினைக்கும் இளையர்களுக்காக ஒரு வீட்டுக்கதை. என் அக்கா மகன் தேசிய சேவைக்குப் போகும் முன்னால் பகுதிநேர வேலை தேடினான். டெலிகிராமில் ஒரு விளம்பரம் வந்தது: வங்கிக் கணக்கைக் கடனாகக் கொடுத்தால் வாரம் 300 வெள்ளி. “சும்மா கிடக்குற அக்கவுண்ட்தானே மாமா, இதுல என்ன தப்பு?” என்று கேட்டான். நல்லவேளை, கேட்டான்.

அந்தக் கணக்கு வழியாகத்தான் யாரோ ஓர் அம்மாவின் நாற்பதாயிரம் போகும். 2023இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின்படி சிங்பாஸ் விவரத்தைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தக் கொடுத்தாலே மூன்றாண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. இப்படிக் கணக்கும் சிம் அட்டையும் கொடுத்து உதவுகிறவர்களுக்கு, புதிய திருத்தத்தில் 12 பிரம்படிவரை விதிக்கலாம். அதைச் சொன்னதும் பையன் டெலிகிராமையே அழித்துவிட்டான். அவ்வளவு வேண்டாம்டா என்றேன்.

சந்தேகமான அழைப்பு வந்தால் 1799 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அந்த அம்மாவின் குளிர்பதனப் பெட்டியில் இப்போது அந்த எண்ணை ஒட்டி வைத்திருக்கிறார்களாம், மகன் செய்த வேலை.

பேசி முடிக்கும்போது அவர் ஒரு சந்தேகம் கேட்டார். “அவன் சொன்ன பேருல அங்க அதிகாரியே யாரும் இல்லையாம் தம்பி. இல்லாத ஆளு வேஷம் போட்டா கேஸ் நிக்குமா?”

நிற்கும் அம்மா. ஆள்மாறாட்டத்தைச் சொல்லும் 416வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது: யாராக நடித்தானோ அவர் உண்மையான ஆளாக இருந்தாலும், கற்பனை ஆளாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

“பரவாயில்லையே, அப்பவே யோசிச்சிருக்கானே வெள்ளைக்காரன்” என்றார். பிறகு, நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று தெரிந்தும், பி. சுசீலா பாட்டு ஒன்று கேட்டார். மறுநாள் காலை முதல் பாட்டாகப் போட்டேன்.