முதலில் சேவை, பிறகு ஃபாரின் மேற்படிப்பு: கொல்லிமலை சொல்லும் கதையும் கணக்கும்

காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வீக்எண்டில் பைக் எடுத்துக்கொண்டு கிளம்புபவர்களுக்கு நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை என்றாலே அந்த த்ரில்தான். நூறு வருஷத்துக்கு முன்பு அந்த ரோடே கிடையாது. நடந்து ஏறணும், இல்லைன்னா டோலியில் உட்காரணும்.

அப்படி 1913-ல் மலையேறி வந்தவர்கள், இங்கிலாந்தைச் சேர்ந்த மிஷனரி தம்பதி ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். மலையிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். அவர்களின் மகன் பால் பிராண்ட் வளர்ந்தது இந்த மலையில்தான்.

சில வருடம் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ சேவை செய்துவிட்டு, அந்த அனுபவத்தோடு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது இன்று பலரும் யோசிக்கும் வழி. அந்த வருடங்கள் வீணா, முதலீடா? பால் பிராண்டின் கதையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

பால் பிராண்ட் என்ன செய்தார்?

1923-ல், 9 வயதில், படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பாலுக்கு முதலில் டாக்டர் ஆகும் ஆசையே இல்லை. அப்பா மாதிரி மிஷனரியாகத் திரும்பணும், அதற்குக் கைத்தொழில் வேணும் என்று கட்டட வேலையும் தச்சு வேலையும் சில வருடங்கள் கற்றார். பிறகு மிஷனரிகளுக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கேதான் ரூட் மாறியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படித்து 1943-ல் முடித்தார். 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் வேலை செய்ய வைத்தது அவரது பெரிய பங்களிப்பு. நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று நம்பிய காலம் அது. வலி உணர்வு போய்விடுவதால் ஏற்படும் காயங்களே விரல்கள் சிதைய முக்கியக் காரணம் என்று அவர் காட்டினார். 1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், 2003-ல் காலமானார்.

அவர் தச்சுப் பட்டறையில் கழித்த வருடங்களை ரெஸ்யூமேயில் ஒரு ‘கேப்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் கை அறுவை சிகிச்சையில் அந்தக் கைப்பழக்கம்தான் உதவியது.

அம்மா ஈவ்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், சொந்த முடிவில் மலைக்கே திரும்பிப் போய் வேலை செய்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார்.

இன்று சேவை அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு, எழுத்துப்பூர்வமாகவே உண்டு. அமெரிக்க அரசின் பீஸ் கோர் 1961-ல் தொடங்கியது. அதன் தன்னார்வலர்கள் 1976 வரை இந்தியாவிலும் வேலை செய்தார்கள். சேவை முடித்துத் திரும்புபவர்களுக்கு ‘கவர்டெல் ஃபெலோஸ்’ என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்கு நிதி உதவி தருகின்றன. ஆனால் பீஸ் கோரில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேணும். நமக்கு அந்தக் கதவு இல்லை.

நமக்கு இருக்கும் கதவுகள்:

• ஐ.நா. தன்னார்வலர் திட்டம்: 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. வாழ்க்கைச் செலவுக்கு மாதாந்திரப் படி தருவார்கள்.

• பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை: ஓராண்டு முதுகலைக்கானது. 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். தன்னார்வப் பணியும் அதில் சேரும். படிப்பு முடிந்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்கணும்.

• ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெல்லோஷிப்: அமெரிக்காவில் படிக்க. குறைந்தது 3 வருட முழுநேரப் பணி அனுபவம் அவசியம்.

எந்த அனுபவம் எப்படிக் கணக்கில் வரும் என்ற விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல் மணிக்கணக்கு போடாதீர்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு என்ன வழி?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கல். வெளியிலிருந்து வந்து கொல்லிமலையை ஆராய்ந்தவர்கள் உண்டு. கனடா மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ், சாமை, கேழ்வரகு விளைந்த மலை நிலங்களில் விவசாயிகள் ஏன் மரவள்ளிக்கு மாறினார்கள் என்று ஆராய்ந்து, 2006-ல் சர்வதேச இதழில் கட்டுரை வெளியிட்டார். முக்கியமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியை, சாமை குத்திய பாட்டியின் பேத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோக முடியுமா?

முதல் தடை: சம்பளம் இல்லாத சேவை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மரவள்ளிக் கிழங்கு விற்ற காசில் காலேஜ் முடித்த பிள்ளை, அடுத்த மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பணும். அவரிடம் போய் ‘ரெண்டு வருஷம் வாலன்டியர் பண்ணு’ என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, இடங்களின் எண்ணிக்கை. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடங்கள். அதில் 3 இடங்கள் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகளுக்கு. கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி பழங்குடியினர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அவர்கள் போட்டியிடுவது மீதி 17-க்கு. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் பழங்குடி மக்கள்தொகை 10 கோடிக்கு மேல். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய்; 30 சதவீதம் பெண்களுக்கு.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை இன்னொரு வழி. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இப்போதே என்ன செய்யலாம்?

சேவை என்றால் ஃபாரின் போய்த்தான் செய்யணும் என்றில்லை. என்எஸ்எஸ்ஸில் 2 வருடத்தில் 240 மணி நேரம் முடித்திருப்பீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தொண்டு நிறுவனத்தில் செய்யும் களப்பணியும் அனுபவம்தான். தேதி, மணி நேரம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துவைத்து, பொறுப்பாளரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள்.

பழங்குடி மாணவர்கள் கடைசி நேரத்துக்கு விடக் கூடாதது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எஸ்டி சான்றிதழைத் தருபவர் தாசில்தார் அல்ல, வருவாய் கோட்டாட்சியர். விசாரணைக்கு நேரம் பிடிக்கும். வருமானச் சான்று, பாஸ்போர்ட் இரண்டையும் கூடவே தொடங்குங்கள்.

‘ஏன் இந்தப் படிப்பு?’ என்பதுதான் விண்ணப்பத்தின் முக்கியமான பகுதி. வெளியூர்க்காரர் அதற்குப் பதில் தேடி இரண்டு வருடம் சேவைக்குப் போகிறார். மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பதில் வீட்டிலேயே இருக்கிறது. மரவள்ளி விலை சரிந்த வருஷம் வீட்டில் என்ன ஆச்சு என்பதிலிருந்தே எழுத ஆரம்பிக்கலாம்.