தோல்நோய் ஆய்வாளர்களுக்கான நீண்டகால நல்கைகள் (ஐக்கிய அமெரிக்கா)

தோல்நோய் ஆய்வாளர்களுக்கான நீண்டகால நல்கைகள் என்பவை, தோல்நோய் ஆராய்ச்சியில் காலடி வைக்கும் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் தமக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அமைத்து இயங்கும் நிலையை எட்டும் பொருட்டு, தொடர்ச்சியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும் நிதியுதவிகள் ஆகும். வழமையான ஆய்வுத்திட்ட நல்கை ஒரு குறிப்பிட்ட ஆய்வை முடிப்பதற்காகத் தரப்படுவது. இவ்வகை நல்கையோ ஓர் ஆய்வாளரை உருவாக்குவதற்காகத் தரப்படுவது. எனவே, முன்மொழியப்படும் ஆய்வுடன் விண்ணப்பதாரரின் ஆற்றல், அவர் பெறவிருக்கும் பயிற்சி, வழிகாட்டியின் தகுதி ஆகியனவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள முதன்மையான நல்கைகளைப் பற்றியது. இவற்றை வழங்குவோரில் இரு அமைப்புகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, நடுவண் அரசின் தேசிய நலவாழ்வுக் கழகங்களுள் (என்.ஐ.எச்.) ஒன்றான தேசிய மூட்டழற்சி, தசை-எலும்பு மற்றும் தோல்நோய்கள் கழகம் (நையாம்ஸ்). மற்றொன்று, தோல் மருத்துவர்களின் நன்கொடையையும் மருந்து நிறுவனங்களின் ஆதரவையும் கொண்டு இயங்கும் தோல் மருத்துவ அறக்கட்டளை.

பின்னணி

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, எந்தவொரு நேரத்திலும் உலகில் சுமார் 180 கோடிப் பேர் ஏதேனும் ஒரு தோல்நோயுடன் வாழ்கின்றனர். 2025 மே மாதம் கூடிய 78 ஆவது உலக நலவாழ்வுப் பேரவை, தோல்நோய்களை உலகப் பொதுநலவாழ்வு முன்னுரிமைகளில் ஒன்றாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. நோயாளிகள் இவ்வளவு பேர் இருந்தும், தோல்நோய்களின் அடிப்படைக் காரணங்களை ஆராயும் மருத்துவர்கள் சிலரே.

இதற்கான முதற்காரணம் பயிற்சிக்காலத்தின் நீளம். அமெரிக்காவில் ஒருவர் தோல் மருத்துவராக, பள்ளிப்படிப்பிற்குப் பின் நான்கு ஆண்டுகள் இளநிலைப் பட்டப்படிப்பு, நான்கு ஆண்டுகள் மருத்துவப் படிப்பு, ஓர் ஆண்டு பொதுப் பயிற்சி, மூன்று ஆண்டுகள் தோல் மருத்துவச் சிறப்புப் பயிற்சி ஆகியவற்றை முடிக்கவேண்டும். முனைவர் பட்டமும் பெற விரும்புவோருக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். ஆய்வைத் தொடங்கும்போது அவர் முப்பது வயதைக் கடந்திருப்பார். பெரும்பாலும் கல்விக்கடனும் இருக்கும்.

இரண்டாவது காரணம் வருமானம். அமெரிக்காவில் மிகுந்த ஊதியம் ஈட்டும் மருத்துவப் பிரிவுகளில் தோல் மருத்துவமும் ஒன்று. பயிற்சியை முடித்த அன்றே தனியார் மருத்துவமனைக்குச் செல்லக்கூடிய ஒருவர், அதைவிட மிகக் குறைந்த ஊதியத்தில், வெற்றி உறுதியற்ற ஆய்வுக்குள் நுழையவேண்டியுள்ளது.

வரலாறு

அமெரிக்காவில் தோல்நோய் ஆய்வு ஒழுங்கமைந்த துறையாக வளர்ந்தது 1930களில். தோல் ஆய்வியல் கழகம் 1937 இல் நிறுவப்பட்டது. அதன் ஆய்விதழ் 1938 இல் வெளிவரத் தொடங்கியது. தோல் மருத்துவ அறக்கட்டளை 1964 இல் உருவானது. நையாம்ஸ் 1986 இல் தனிக்கழகமாக அமைக்கப்பட்டது.

மருத்துவர்கள் ஆய்விலிருந்து விலகிச் செல்வது குறித்த கவலை 1970களின் இறுதியில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. பின்னாளில் என்.ஐ.எச். இயக்குநரான சேம்சு வின்கார்டன், மருத்துவ ஆய்வாளர்களை அழிந்துவரும் உயிரினத்திற்கு ஒப்பிட்டு 1979 இல் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. டேவிட் நேத்தன் தலைமையிலான குழு 1997 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, நோயாளிகளை நேரடியாக உட்படுத்தும் ஆய்வுகளுக்கென கே-23, கே-24 ஆகிய நல்கைகள் அறிமுகமாயின. கே-99/ஆர்-00 என்னும் இருகட்ட நல்கை 2006 இல் அறிவிக்கப்பட்டது.

நல்கை வகைகள்

என்.ஐ.எச். வழங்கும் ஆய்வாளர் மேம்பாட்டு நல்கைகள் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் குறியெண்களால் அறியப்படுகின்றன. தோல்நோய் ஆய்வுடன் மிகுதியும் தொடர்புடையவை பின்வருமாறு:

* கே-08: மருத்துவப் பட்டம் பெற்று, ஆய்வுக்கூடம் சார்ந்த ஆய்வில் ஈடுபடுவோருக்கு. காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்.
* கே-23: மருத்துவப் பட்டம் பெற்று, நோயாளிகளை நேரடியாக ஆராய்வோருக்கு. காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்.
* கே-24: நடுநிலை ஆய்வாளர்களுக்கு. இளைய ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் நேரத்திற்காக இது வழங்கப்படுகிறது.
* கே-99/ஆர்-00: முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் இருப்போருக்கு. முதற்கட்டம் வழிகாட்டியின்கீழ் இரண்டு ஆண்டுகள் வரை. அதன்பின் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியிடம் பெற்றவருக்குத் தனித்து இயங்க மூன்று ஆண்டுகள் வரை இரண்டாம் கட்டம்.

கே-08, கே-23 நல்கைகளைப் பெற அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ தேவை. கே-99/ஆர்-00 அறிமுகமானபோதே வெளிநாட்டுக் குடிமக்களும் விண்ணப்பிக்க இடமளித்தது. இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சென்று ஆய்வில் ஈடுபட்டுள்ளோருக்கு இவ்வேறுபாடு முதன்மையானது.

தோல் மருத்துவ அறக்கட்டளையின் பணிமேம்பாட்டு விருதுகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடியவை. இளம் ஆய்வாளர் ஒருவர் இவ்விருதின் துணையுடன் தொடக்கநிலைத் தரவுகளைத் திரட்டி, பின்னர் அரசின் பெரிய நல்கைக்கு விண்ணப்பிப்பது வழக்கம். இவை தவிர, என்.ஐ.எச். நடத்தும் கடன் அடைப்புத் திட்டம் ஒன்றும் உள்ளது. வாரத்திற்குக் குறைந்தது 20 மணிநேரம் ஆய்வில் ஈடுபட உறுதியளிப்போரின் கல்விக்கடனில், ஆண்டுக்கு 50,000 டாலர் வரை இத்திட்டம் செலுத்துகிறது.

தெரிவு முறை

விண்ணப்பங்கள் இரு நிலைகளில் ஆராயப்படுகின்றன. முதலில் துறை வல்லுநர் குழு மதிப்பெண் இடுகிறது. அடுத்து கழகத்தின் ஆலோசனை அவை பரிந்துரைக்கிறது. வல்லுநர் குழு கருத்தில் கொண்டுவந்த கூறுகள் ஐந்து:

# விண்ணப்பதாரர்
# பயிற்சி மற்றும் பணிமேம்பாட்டுத் திட்டம்
# ஆய்வுத் திட்டம்
# வழிகாட்டிகள்
# நிறுவனச் சூழலும் நிறுவனத்தின் உறுதிப்பாடும்

இவற்றில் ஐந்தாவது கூறு வெறும் சம்பிரதாயம் அன்று. விண்ணப்பதாரருக்கு ஆய்வுக்கான இடமும் நேரமும் தருவதாகப் பல்கலைக்கழகத் துறை எழுத்துமூலம் உறுதியளிக்கவேண்டும்.

பாதுகாக்கப்பட்ட நேரம்

கே-08, கே-23 நல்கைகளின் மையமான நிபந்தனை, நல்கை பெறுபவர் தமது முழுநேரப் பணியில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்விற்கும் அதற்கான பயிற்சிக்கும் செலவிடவேண்டும் என்பதாகும். ஓராண்டில் இது ஒன்பது மாத உழைப்புக்குச் சமம். இது 'பாதுகாக்கப்பட்ட நேரம்' எனப்படுகிறது. இந்நிபந்தனை ஆய்வாளரைக் கட்டுப்படுத்துவது போலத் தோன்றினாலும், அவரைப் பணியமர்த்திய துறையையே பெரிதும் கட்டுப்படுத்துகிறது. நோயாளிகளின் வரிசை எவ்வளவு நீண்டாலும், துறைத்தலைவர் அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவப் பிரிவுக்கு மாற்றிவிட இயலாது.

இந்த ஏற்பாட்டில் துறைக்கும் செலவு உண்டு. நல்கை வழங்கும் ஊதியத்திற்கு உச்சவரம்பு இருப்பதால், தோல் மருத்துவர் ஒருவரின் வழமையான ஊதியத்திற்கும் அதற்கும் இடையிலான பற்றாக்குறையைப் பல்கலைக்கழகமே ஈடுகட்ட வேண்டியுள்ளது. மேலும், நிறுவனத்தின் மேல்நிலைச் செலவுகளுக்காக இந்நல்கைகளுடன் சேர்த்துத் தரப்படுவது 8 விழுக்காடு மட்டுமே. திட்ட நல்கைகளில் இது பன்மடங்கு கூடுதல். சிறிய தோல் மருத்துவத் துறைகளுக்கு இது எளிய சுமை அன்று.

நீண்டகாலத் தேவைக்கான எடுத்துக்காட்டுகள்

தோல்நோய் ஆய்வில் ஒரு கண்டுபிடிப்பு நோயாளியைச் சென்றடைய ஆகும் காலத்தைப் பின்வருவன காட்டும்.

* கொப்புளத் தோல்நோய்: எபிடெர்மோலைசிசு புல்லோசா என்னும் மரபுவழி நோயின் ஒரு வகையில், ஏழாம் வகைக் கொலாசன் குறைபாட்டால் தோல் சிறு உராய்விலும் கொப்புளித்து உரியும். இக்கொலாசனுக்குரிய மரபணுவின் பிறழ்வே நோய்க்குக் காரணம் என்பது 1993 இல் நிறுவப்பட்டது. அம்மரபணுவைப் புண்ணின்மேல் பூசும் களிம்பு வழியே செலுத்தும் மருந்துக்கு 2023 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட காலம் 30 ஆண்டுகள்.
* தோல் வளர்ப்பு: மேல்தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறையை ஓவர்டு கிரீனும் அவரது மாணவர் சேம்சு ரைன்வால்டும் 1975 இல் வெளியிட்டனர். இம்முறையின் வழிவந்த, நோயாளியின் சொந்தச் செல்களில் மரபணுவைத் திருத்தி வளர்க்கப்படும் தோல் தகடுகளுக்கு அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் ஒப்புதல் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலம் 50 ஆண்டுகள்.
* புழுவெட்டு: ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வு 2010 இல் வெளியானது. 2014 இல், சேக் நொதித் தடுப்பி மருந்தால் எலிகளிலும் மூன்று நோயாளிகளிலும் முடி மீண்டும் வளர்ந்தது பதிவு செய்யப்பட்டது. 2022 சூன் மாதம் இவ்வகை மருந்தொன்று கடும் புழுவெட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இடைப்பட்ட காலம் 12 ஆண்டுகள்.

முதல் எடுத்துக்காட்டில் கூறிய 1993 ஆம் ஆண்டு ஆய்வில் பங்குபெற்ற ஏஞ்சலா கிறிசுட்டியானோ, அப்போது பிலடெல்பியாவில் சௌனி உயிட்டோவின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சியில் இருந்தார். 2010 ஆம் ஆண்டுப் புழுவெட்டு ஆய்வை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஒருவரைப் பயிற்சிக்காலத்தில் துறைக்குள் நிறுத்திவைப்பதன் பயன், பெரும்பாலும் அப்பயிற்சிக்காலம் முடிந்து நெடுநாள் கழித்தே, சிலவேளை முற்றிலும் வேறொரு நோயில் வெளிப்படுகிறது.

இடைவெளிச் சிக்கல்

கே நல்கை முடிவதற்குள் ஆர்-01 எனப்படும் தனித்த திட்ட நல்கையைப் பெறவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. என்.ஐ.எச். இன் முதல் ஆர்-01 நல்கையைப் பெறுவோரின் சராசரி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கே நல்கை முடிந்தும் ஆர்-01 கிடைக்காத காலம் மிக இடர்மிக்கது. பாதுகாக்கப்பட்ட நேரம் அகன்றவுடன் மருத்துவப் பணி அவ்விடத்தை நிரப்பிவிடும். ஆய்வு உதவியாளர் வேறிடம் செல்வார். செல் வளர்ப்புகளும் எலிக் குடும்பங்களும் பேணுவாரின்றிப் போகும். ஓராண்டு நின்றுபோன ஆய்வுக்கூடத்தை மீண்டும் இயக்க, நின்ற காலத்தைவிடக் கூடுதல் காலம் ஆகலாம்.

இதனைத் தணிக்கச் சில ஏற்பாடுகள் உள்ளன. கே நல்கையின் இறுதி இரண்டு ஆண்டுகளில் திட்ட நல்கை பெற்றுவிடுபவர், கே நல்கைக்கான உழைப்பை 50 விழுக்காடாகக் குறைத்து இரண்டையும் ஒருங்கே நடத்த இடமளிக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்கள் சில இணைப்பு நிதி வழங்குகின்றன.

விமர்சனங்கள்

* விண்ணப்பதாரருடன் வழிகாட்டியும் நிறுவனமும் மதிப்பிடப்படுவதால், ஏற்கனவே வலுவான ஆய்வுக்கூடங்களைக் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கே நல்கைகள் மீண்டும் சென்றுசேர்கின்றன என்பது ஒரு குறை.
* பயிற்சிக்காலமும் குழந்தை வளர்ப்புக் காலமும் ஒன்றாக அமைவதால் பெண் ஆய்வாளர்கள் கூடுதல் தடையை எதிர்கொள்கின்றனர். மகப்பேற்றிற்காகத் தொடக்கநிலை ஆய்வாளர் தகுதிக்காலத்தை நீட்டிக்கும் விதி இதனை ஓரளவு ஈடுசெய்கிறது.
* அரசு நிதியைச் சார்ந்திருத்தல் நிலையற்றது. 2025 இல் வெளியான நிதிநிலை முன்மொழிவு ஒன்று, என்.ஐ.எச். இன் 27 கழகங்களையும் மையங்களையும் எட்டாகச் சுருக்கி, நையாம்சைப் பிறவற்றுடன் இணைக்கப் பரிந்துரைத்தது. அவ்வாண்டில் பல துறைகளிலும் நடப்பிலிருந்த நல்கைகள் பல இடையிலேயே நிறுத்தப்பட்டன.

ஐந்தாண்டு நல்கை ஒன்று மூன்றாம் ஆண்டில் நிறுத்தப்பட்டால், இழப்பு எஞ்சிய இரண்டு ஆண்டுகளின் தொகை மட்டும் அன்று. அந்த ஆய்வாளர் துறையை விட்டே செல்லக்கூடும். அவ்வாறு சென்ற தோல் மருத்துவர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்புவது அரிது.

இவற்றையும் பார்க்க

* தோல்
* புழுவெட்டு
* மரபணுச் சிகிச்சை
* தேசிய நலவாழ்வுக் கழகங்கள்