மறுமுறை எழுதிய தேர்வு: எந்த மதிப்பெண்ணை அனுப்புவது?

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்கள் பல. அக்குடும்பத்துப் பிள்ளைகள் இன்று வணிக மேலாண்மை பயில விழைகின்றனர். அயல்நாட்டுக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் பெரும்பாலும் ஜிமேட் தேர்வை எழுதுகின்றனர். ஒருமுறை எழுதவே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். மதிப்பெண் போதவில்லை என்று மறுமுறையும் எழுதியபின், புதியதை ஏற்பதா, பழையதையே கொள்வதா என்ற கேள்வி வீட்டைக் கலக்குகிறது.

முன்பு இது இன்னும் கொடுமையாக இருந்தது. 2014 வரை, மதிப்பெண்ணைக் காணுமுன்பே அதை ஏற்பதா, ரத்துச் செய்வதா என்று மாணவர் சொல்லிவிட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தையில் மாடு பிடிப்பது போலத்தான்! பின்னர் கண்டபிறகு முடிவு செய்ய வழி பிறந்தது. ஆனால் அவகாசம் இரண்டே நிமிடம். மூன்று மணி நேரம் மூளையைப் பிழிந்த பிள்ளை இரண்டு நிமிடத்தில் என்னதான் சிந்திக்கும்?

2023 நவம்பரில் தேர்வு புதுவடிவம் பெற்றது. மதிப்பெண் வந்தபின் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஐந்து கல்லூரிகள் வரை கட்டணமின்றி அதனை அனுப்பலாம். எந்த முறை எழுதியதை அனுப்புகிறோமோ, அது மட்டுமே கல்லூரிக்குச் செல்லும். ஆகவே தேர்வுக்கூடத்திலேயே பதறாமல், வீட்டுக்கு வந்து பெரியவர்களுடன் மஷ்வரா செய்ய இப்போது நேரம் இருக்கிறது.

ஆனால் இங்கே பலரும் இடறுகின்றனர். முன்பு 690 பெற்ற மாணவி இப்போது 655 பெற்றால், முப்பத்தைந்து குறைந்துவிட்டதென்று வீடே துயரப்படும். உண்மையில் அவள் முன்னேறியிருக்கிறாள்! பழைய அளவுகோல் 200 முதல் 800 வரை. புதியது 205 முதல் 805 வரை. புதிய மதிப்பெண்கள் ஐந்தில் முடியும். அதைக் கொண்டே இனம் காணலாம். புதிய 645 என்பது ஏறத்தாழப் பழைய 700-க்கு நிகர். தேர்வு அமைப்பே இதற்கு ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டுள்ளது. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லுபடியாவதால் இருவகையும் கைவசம் உள்ளவர்கள் இன்றும் உண்டு. அட்டவணையைப் பாராமல் நல்லதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரே வடிவத்தில் எழுதி மெய்யாகவே குறைந்திருந்தால் கவலை வேண்டாம். முந்தையதை அனுப்பினால் போதும். மொத்தம் சமமாக இருந்தால், கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு என்ற மூன்று பகுதிகளையும் தனித்தனியே பாருங்கள். கலைப் பட்டதாரிகளிடம் (எம்மைப் போன்றோரிடம்தான்!) கல்லூரிகள் கணிதத்தைக் கூர்ந்து நோக்கும், கணிதம் கூடியதை அனுப்புவதே தக்கது. ஒரு முறையின் கணிதத்தையும் மறுமுறையின் மொழியையும் சேர்த்து ஒட்ட இயலாது.

நம் நாட்டு ஐஐஎம்களுக்கான கேட் தேர்வில் இந்த வசதி இல்லை. ஆண்டுக்கொருமுறை நடக்கும் அதன் மதிப்பெண் அவ்வாண்டுச் சேர்க்கைக்கே உரியது. கைக்கு வந்த இடத்தை விட்டு மறுமுறை எழுதுவோர், பழைய மதிப்பெண்ணையும் இழந்தே எழுதுகின்றனர்.

வட்டிக் கடனுக்கு அஞ்சும் நம் வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இடம் கிடைக்கப் போதுமான மதிப்பெண் உதவித்தொகைக்குப் போதாமல் போகலாம். அதற்கு எவ்வளவு தேவை, புதிய மதிப்பெண்ணை எந்தத் தேதி வரை ஏற்பார்கள் என்று கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். மூன்றாம் முறைக்குப் பணம் கட்டுவதை அதன்பின் யோசிக்கலாம்.