போன பலம் திரும்பும் வழி

டைபாய்டு வந்து ஏழு வாரம் ராடைத் தொடவில்லை. காய்ச்சல் விட்டதும், ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி மலையேறும் ஜீப்புகள் கிளம்புகிற விடியற்காலையில், கம்பத்தில் நான் வழக்கமாகப் போகும் ஜிம்முக்குப் போனேன். பழைய நினைப்பில் 100 கிலோ மாட்டி டெட்லிஃப்டுக்குக் குனிந்தேன். பிளேட் தரையை விட்டு அசையவில்லை. 60 கிலோவுக்கே தொடை நடுங்கியது. உள்ளங்கையில் காய்ப்பெல்லாம் உரிந்து பிஞ்சுத் தோலாக இருந்தது.

மண்டியில் மூட்டை தூக்கும் மாமாவிடம் சொன்னேன். "காச்சல்ல எந்திரிச்சவன் மொத நாளே முழு மூட்டைக்கு முதுகக் குடுப்பானா மாப்ளே? மொத வாரம் பாதிச் சொமை, கூட ஒருத்தன் கை. அப்புறந்தான் தனியா" என்றார்.

அனுபவம் சொல்வதும் இதுதான், அறிவியல் சொல்வதும் இதுதான். நல்ல உடம்போடு மூன்று வாரம் பயிற்சியை விட்டால் பலம் பெரிதாகக் குறையாது. படுத்த படுக்கையாகக் கிடந்தால் தசை வேகமாகக் கரையும். ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. பயிற்சியில் தசைநார் பருக்கும்போது அதற்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை இளைத்த பிறகும் அவை அழியாமல் இருந்ததை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியான் குண்டர்சன் குழு 2010-ல் எலிகளிடம் கண்டது. மனிதரிடம் இது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் ஓயவில்லை. ஆனாலும் ஒருமுறை கட்டிய உடம்பு, புது ஆளின் உடம்பைவிடச் சீக்கிரம் தேறுவதை எந்த ஜிம் மாஸ்டரும் சொல்வார்.

அப்படி மீண்டு வந்தவர்களில் ஒருவர், பளுதூக்கும் வீரர் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். பிறகு தேசியப் போட்டி ஒன்றில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடையில் அடிபட்டது. முழுசாக ஆறாத காலோடுதான் 2018-ல் கோல்டு கோஸ்ட் போனார். 144, 173, மொத்தம் 317. பழையதைவிட 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். அன்றைய உடம்புக்கு ஏற்ற எடையோடு அவர் மேடையேறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தசை சீக்கிரம் தேறிவிடும். அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த இடைவெளியில்தான் காயம்.

நான் 50 கிலோவில் ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஐந்து கிலோ கூட்டினேன். காலையில் முட்டை, மதியம் கொள்ளுத் துவையல். பத்தாவது வாரம் 95 கிலோ மேலே வந்தது. உள்ளங்கையில் மறுபடி காய்ப்புத் தட்டியிருக்கிறது.