உஷார்! ‘ஃபார்மட் பண்ணிடலாமா சார்?’

வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. விண்டோஸ் லோகோ வரை வருகிறது, நீலத்திரை காட்டுகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால், கேபிளை மாட்டும்போதே கேட்டுவிடுவார்கள்: “ஓ.எஸ். போயிருக்கு. ஃபார்மட் பண்ணிடலாமா சார்?”

தலையாட்டிவிடாதீர்கள்! கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் அந்த ஒரு தலையாட்டலில்தான் காணாமல் போகின்றன.

விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, உங்கள் ஃபைல்கள் அழிவது வேறு. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் சிஸ்டம் ஃபைல்கள்தான் பெரும்பாலும் சேதமாகும். படங்கள் அதே டிஸ்கில் அப்படியே இருக்கும். அவற்றை அழிப்பது ரிப்பேரில் காட்டும் அவசரம்தான்.

“சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டியில் இருப்பது அப்படியே இருக்கும்” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம், நீங்கள் மாற்றி வைக்காதவரை, சியில்தானே இருக்கின்றன! டெஸ்க்டாப்பில் சேமிக்காதவர் நம்மில் யார்?

தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இருப்பதும் சியில், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில். ஃபார்மட் முடிந்தபின் டியில் பத்திரமாக இருக்கும் மனுவையோ கதையையோ திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு” என்று யாராவது சொன்னால் நம்பி அழித்துவிடாதீர்கள். அதே எழுத்துருவை மறுபடி போட்டால் எழுத்து திரும்பிவிடும். அந்த ஃபோல்டரையும் முன்பே நகலெடுத்துவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

அழிந்ததை மீட்க சாஃப்ட்வேர் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில், மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை ஓரளவு வாய்ப்புண்டு. புது விண்டோஸ் போடுவதே மேலே எழுதுவதுதான். வேகத்துக்காக எஸ்எஸ்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் துடைத்துவிடும்.

சரி, எப்படி நகலெடுப்பது? வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் இறக்கி, ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள் (அந்தப் பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள்). பழுதான கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்தால், டிஸ்கைத் தொடாமலே ஒரு டெஸ்க்டாப் வரும். ஃபைல்களை எக்ஸ்டெர்னல் டிஸ்குக்கு மாற்றலாம். அங்கே ‘இன்ஸ்டால்’ என்றொரு ஐகான் இருக்கும். கை வைக்கவே கூடாது! அதற்குள் டிஸ்கை முழுக்க அழிக்கும் வழி இருக்கிறது. இதெல்லாம் வராது என்பவர்கள், டிஸ்கைக் கழற்றி வேறொரு சிஸ்டத்தில் மாட்டி நகலெடுக்கச் சொல்லுங்கள். நாலைந்து படங்களையாவது கண்ணெதிரே திறந்து பார்த்த பிறகு ‘சரி’ சொல்லுங்கள்.

டிஸ்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது சாஃப்ட்வேர் கோளாறு இல்லை. ஓட ஓடச் சேதம் கூடும். டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் லேப்டாப்பில் கீ கேட்டால், 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது இல்லாமல் திறந்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நீலத்திரையில் போன் நம்பர் இருக்கிறதா? டயல் செய்யாதீர்கள்! மைக்ரோசாஃப்ட் தன் எரர் செய்தியில் போன் நம்பர் போடுவதே இல்லை. அது திரை முழுக்க விரிந்த மோசடி வெப் பேஜ். தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்லி பேங்க் கணக்கு வரை நுழைவார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

திரும்பவும் விண்டோஸ் 10-தான் போட்டுத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதைவிடப் பழைய இயந்திரத்தில் குறுக்குவழியில் 11 போட்டுத் தருவதாகச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். நகலெடுக்க உதவிய அதே லினக்ஸ் மின்டை, இப்போது தாராளமாக இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.