பாம்பு... ஏணி... அரியர்!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் லைஃபை ஒரு போர்டு கேமா மாத்தச் சொன்னா, முதல் கட்டத்துல என்ன எழுதுவீங்க? கடைசிக் கட்டத்துல? 'அட்மிஷன்', 'பிளேஸ்மென்ட்'... கரெக்டா? நாங்களும் அங்கேதான் ஆரம்பிச்சோம். ஆனா மேட்டர் எல்லாம் நடுவுல இருக்கு பாஸ்!

நாங்கன்னா நாலு பேர். மதுரைப் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஒரு காலேஜ். ஈ.சி.ஈ. பையன் ஹாஸ்டல் பார்ட்டி. மெக்கானிக்கல் பையன் உள்ளூர், பைக்ல பத்தே நிமிஷத்துல காலேஜ். ஐ.டி. தோழி உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமத்துல இருந்து தினமும் பஸ்ல வர்றவ. நாலாவது, சிவில்ல இருந்து நான். பேரெல்லாம் வேணாம், டிபார்ட்மென்டே போதும்னு டீம் மீட்டிங்ல ஏகமனதா தீர்மானம்! கேம் பேரு 'எட்டு செம்'.

முதல் வெர்ஷன் பக்கா பரமபதம். 64 கட்டம், எட்டு வரிசை, வரிசைக்கு ஒரு செமஸ்டர். 'சீனியர் நோட்ஸ்' ஒரு ஏணி. பாம்புக்கு என்ன பேருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா, ஒரே ராத்திரியில போர்டு ரெடி. மறுநாள் கேன்டீன்ல உட்கார்ந்து விளையாடினா, அரை மணி நேரத்துல ஆளாளுக்குக் கொட்டாவி! டைஸ் விழுது, காய் நகருது, பாம்பு கொத்துது. இதுல நாம எதையுமே முடிவு பண்றதில்லையே! வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்கிறதுக்காகப் பரமபதம் விளையாடுவாங்க இல்லையா? எங்க ஆட்டத்தைக் குடுத்திருந்தா பெருமாளே தூங்கியிருப்பார்.

பாம்பையும் ஏணியையும் தூக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டோம். ஒரு ஸ்டூடன்ட் நிஜமா எதை முடிவு பண்றான்? நேரத்தை எங்க செலவு பண்றதுன்னுதான். கிளாஸா, லேபா, கேன்டீனா, ஊருக்கா... ஆக, ஆளுக்கு ஒரு செமஸ்டருக்கு 12 டோக்கன். டோக்கன்னா வேற ஒண்ணும் இல்லை, டெய்லர் கடையில வாங்கின சட்டை பட்டன்! அதை போர்டுல இருக்கிற இடங்கள்ல பிரிச்சு வெக்கணும். போர்டு கேம் உலகத்துல இந்த டெக்னிக்குக்கு 'வொர்க்கர் பிளேஸ்மென்ட்'னு பேரு. பிளேஸ்மென்ட்னு காதுல விழுந்ததும் எங்க மெக்கானிக்கல் எந்திரிச்சு உட்கார்ந்துட்டான். பாவம், அது வேற பிளேஸ்மென்ட்.

கிளாஸ்ல மூணு பட்டன் வெச்சே ஆகணும். ஏன்னு தெரியும்ல... 75 சதவீத அட்டெண்டன்ஸ்! கேன்டீன்ல ஒரு பட்டன் வெச்சா ஒரு ஈவென்ட் கார்டு எடுக்கலாம். மிச்சத்தைப் பேப்பர்கள் மேல வெக்கணும். செமஸ்டருக்கு மூணே பேப்பர்தான், நிஜத்துல இருக்கிற அத்தனைக்கும் டேபிள்ல இடம் பத்தலை.

எக்ஸாம் எப்படி? ரெண்டு டைஸை உருட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகையோட, அந்தப் பேப்பர் மேல நீங்க வெச்ச பட்டனைக் கூட்டுங்க. எட்டோ அதுக்கு மேலயோ வந்தா பாஸ். வரலைன்னா அரியர். கணக்கு போட்டுப் பார்த்தா சூப்பரா ஒரு விஷயம் மாட்டுது. ரெண்டு டைஸ் விழ மொத்தம் 36 வழி. பட்டனே வெக்காமப் போனா பாஸாக 15 வழி இருக்கு. (சிரிக்காதீங்க, நம்மள்ல எத்தனை பேர் அந்த 15ஐ நம்பி ஹாலுக்குள்ள போறோம்?) ஒரு பட்டன் வெச்சா 21, ரெண்டுக்கு 26, மூணுக்கு 30. அதாவது முதல் பட்டன் ஆறு வழியைத் திறக்குது, ரெண்டாவது அஞ்சு, மூணாவது நாலு. ஒரே பேப்பரை ராத்திரி முழுக்கக் கட்டிக்கிட்டு அழுறதைவிட, தொடாத பேப்பரை ஒரு மணி நேரம் புரட்டுறது பெட்டர். நாங்க ஒண்ணும் திட்டம் போட்டு அப்படி வெக்கலை, டைஸே அப்படித்தான்!

ஈவென்ட் கார்டுகள்ல சூப்பர் ஸ்டார் எது தெரியுமா? மாஸ் பங்க்! இந்த கார்டு வந்தா நாலு பேரும் 'பங்க்', 'கிளாஸ்'னு இருக்கிற ரெண்டு சீட்டுல ஒண்ணைக் கவிழ்த்து வெக்கணும். ஒரே நேரத்துல திறக்கணும். எல்லாரும் பங்க்னா ஆளுக்கு ஒரு பட்டன் போனஸ். யாராவது கிளாஸுக்குப் போயிட்டா, போனவருக்கு ரெண்டு பட்டன், பங்க் அடிச்ச மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு அவுட். எல்லாருமே போயிட்டா யாருக்கும் ஒண்ணும் கிடையாது. 1950ல ஆல்பர்ட் டக்கர்னு ஒரு அமெரிக்கக் கணித நிபுணர் 'கைதியின் சிக்கல்'னு ஒரு புதிருக்குப் பேர் வெச்சார். அதைத்தான் சுட்டு கேம்பஸுக்குக் கொண்டு வந்தோம். மத்தவங்க என்ன பண்ணினாலும் சரி, தனியா யோசிச்சா கிளாஸுக்குப் போறதுதான் லாபம். எல்லாரும் அப்படி யோசிச்சா எல்லாருக்கும் ஜீரோ. சீட்டைத் திறக்கிற அந்த ஒரு செகண்ட் இருக்கே... "மச்சி, சத்தியமா வர மாட்டேன்டா"ன்னு சொன்னவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

'ஆல் பாஸ்'னும் ஒரு கார்டு இருக்கு. 2020 ஆகஸ்ட்ல, கொரோனா நேரம், தமிழக அரசு அரியர் தேர்வுகளை ரத்து பண்ணினது ஞாபகம் இருக்கா? அப்புறம் 2021ல சென்னை ஹைகோர்ட், ரத்தை ஏத்துக்க முடியாது, தேர்வு வெச்சே ஆகணும்னு சொல்லிடுச்சு. எங்க கார்டும் அப்படியே! வந்த உடனே அரியர் எல்லாம் காலி, டேபிளே ஆடும். ரெண்டு செமஸ்டர் கழிச்சு அத்தனையையும் திரும்ப எழுதணும். இந்த கார்டை எடுக்கிறவர் முகத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ரெண்டு செம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க.

இதுவரைக்கும் ஜாலி. இனிமேல் சண்டை.

ரெண்டாவது வெர்ஷனை விளையாட உட்கார்ந்த அன்னைக்கு பட்டன் பிரிச்சுக் குடுத்தாங்க. ஐ.டி. தன்னோட பட்டனை எண்ணினா. "எனக்கு 12ஆ? யார் குடுத்தது?"ன்னு கேட்டா. காமெடி பண்றான்னு நினைச்சோம். அவ மூணு பட்டனை எடுத்துத் திரும்ப டப்பாவுல போட்டா. "போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அது இதுல எங்க இருக்கு?"

மெக்கானிக்கல் விடலை. "கேம்னா எல்லாரும் ஒரே இடத்துல ஆரம்பிக்கணும். இல்லைன்னா யார் விளையாடுவா?" ஈ.சி.ஈ. வழக்கம் போல நோட்டைத் திருப்பிப் பின் பக்கத்துல கணக்கு போட்டான். 12ல கிளாஸுக்கு மூணு போனா மிச்சம் ஒன்பது, பேப்பருக்கு மூணு. ஒரு பேப்பர்ல ஃபெயிலாக 36ல 6 வாய்ப்பு. பஸ்ஸுக்கும் மூணு போனா மிச்சம் ஆறு, பேப்பருக்கு ரெண்டு. ஃபெயிலாக 36ல 10. எட்டு செமஸ்டர், 24 பேப்பர்னு பெருக்கினா, ஒருத்தருக்கு சராசரியா நாலு அரியர், இன்னொருத்தருக்கு கிட்டத்தட்ட ஏழு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி படிக்கிறாங்க, ஒரே டைஸைத்தான் உருட்டுறாங்க. நடுவுல ஒரு பஸ். அவ்வளவுதான்!

இதுல இன்னொரு ரூலும் சேரும். ஒவ்வொரு அரியரும் அது கிளியர் ஆகிறவரைக்கும் செமஸ்டருக்கு ஒரு பட்டனைப் பூட்டிடும். அரியர் விழுந்தா நேரம் குறையும், நேரம் குறைஞ்சா இன்னொரு அரியர். கடன் வாங்கி வட்டி கட்டுற கதைதான். நான் ஐ.டி. பக்கம் சாய்ஞ்சேன். காரணம் சிம்பிள். அந்த மூணு பட்டன் இல்லாத கேம், பைக் வெச்சிருக்கிறவனோட காலேஜ் லைஃபைப் பத்தின கேம்.

அதனால நாலு கேரக்டர் கார்டு வந்தது: ஹாஸ்டல், லோக்கல், பஸ், பார்ட் டைம். பஸ் கார்டுக்கு மூணு பட்டன் கட். பார்ட் டைம் கார்டு செமஸ்டருக்கு ரெண்டு பட்டனை வேலையில வெக்கணும், இல்லைன்னா ஃபீஸ் கட்ட முடியாது. கூடவே உதவி கார்டுகளும் போட்டோம். 2010-11ல வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒண்ணு, 2022ல ஆரம்பிச்ச புதுமைப் பெண் திட்டம் ஒண்ணு. அது கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய். "கேம்ல பணமே இல்லையே, 1000 ரூபாயை எப்படிக் காட்டுறது?"ன்னு கேட்டேன். ஐ.டி. பட்டுனு சொன்னா: "ஒரு பட்டன். வேலைக்குப் போற நேரத்துல ஒரு பட்டன் திரும்பக் கிடைக்குது." எங்க கேம்லயே எனக்குப் பிடிச்ச ரூல் அது.

சரி, விளையாடிப் பார்த்தா என்ன ஆச்சு? பஸ் கார்டு வந்தவங்க எல்லாம் "ரீ-டீல், ரீ-டீல்!"னு கத்துறாங்க. மெக்கானிக்கல் முகத்துல, 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னு ஒரு வெற்றிப் புன்னகை. உண்மையை வெச்சா ஆட்டம் கசக்குது. எடுத்துட்டா ஆட்டம் பொய். என்னதான் பண்றது?

வழி காட்டினது ஒரு பழைய கதை. மோனோபாலி தெரியும்ல? நம்ம ஊர்ல 'டிரேட்', 'பிசினஸ்'னு விதவிதமா விளையாடுவோமே, அதோட அண்ணன். 1935ல பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை மார்க்கெட்ல விட்டப்போ, கண்டுபிடிச்சவர்னு சார்ல்ஸ் டாரோ பேர்தான் இருந்தது. ஆனா 1904லயே லிஸி மேகின்னு ஒரு அமெரிக்கப் பெண் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'னு அதோட ஒரிஜினலுக்கு பேடண்ட் வாங்கியிருந்தாங்க. நிலத்தை வளைச்சுப் போடுறவங்களால மத்தவங்க எப்படி நொடிஞ்சு போறாங்கன்னு காட்டத்தான் அந்த கேம்! அதுக்கு ரெண்டு விதமான ரூல்ஸ் வெச்சாங்க. ஒண்ணுல ஒருத்தர் மத்தவங்களை நசுக்கி ஜெயிப்பார். இன்னொண்ணுல சம்பாத்தியம் எல்லாருக்கும் பலன் தரும். உலகம் முதல் ரூலை மட்டும் எடுத்துக்கிச்சு. மேகியோட பேடண்ட்டுக்குப் பார்க்கர் பிரதர்ஸ் குடுத்தது 500 டாலர். ரொம்ப அநியாயம்ல?

நாங்களும் ரெண்டு ரூல் வெச்சோம். ரூல் ஏ: எட்டாவது செம் முடிவுல யார் அதிகப் பேப்பர் பாஸோ அவர்தான் ரேங்க் ஹோல்டர். ரூல் பி: டேபிள்ல ஒருத்தருக்குக்கூட அரியர் மிச்சம் இல்லைன்னா எல்லாரும் ஜெயிச்சாங்க. ஒரே ஒரு அரியர் இருந்தாலும் எல்லாரும் அவுட். இப்படி எல்லாரும் ஒரே கட்சியா விளையாடுற கேம்கள் ஏற்கெனவே நிறைய இருக்கு. 2008ல வந்த 'பாண்டமிக்' பெரிய ஹிட்.

கம்பைன் ஸ்டடின்னு ஒரு ரூல் ரெண்டுலயும் உண்டு. ரெண்டு பேர் ஒரே பேப்பர்ல உட்கார்ந்தா, ரெண்டு பேருக்கும் ஒரு பட்டன் ரெண்டா கணக்கு. ரூல் ஏல விளையாடினப்போ ஹாஸ்டல் கார்டும் லோக்கல் கார்டும் சேர்ந்து உட்கார்ந்துக்கிட்டாங்க, பஸ்ஸைச் சீண்டவே இல்லை. ரூல் பில அதே ஆளுங்க முதல் வேலையா, "பஸ் யாரு? எந்தப் பேப்பர் வீக்?"னு கேட்டாங்க. போர்டும் அதேதான், பட்டனும் அதேதான். எனக்கே கொஞ்சம் ஷாக்!

ரூல் பிக்கும் ஒரு தலைவலி இருக்கு. ஒரு அதிமேதாவி எழுந்து "நீ அங்க வை, நீ இங்க வை"ன்னு மூணு பேருக்கும் சேர்த்துத் தானே விளையாடுவார். அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன், பைக் வெச்சிருக்கார். மருந்து: ஈவென்ட் கார்டை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. பாதி விஷயம் தெரியலைன்னா ஆர்டர் போட முடியாதுல்ல!

நீங்களும் கேம் பண்ணப் போறீங்களா? ஒரு டிப்ஸ். ரூல் புக்கை மட்டும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க கையில குடுத்துட்டு, பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. ரொம்பக் கஷ்டம், நாக்கைக் கடிச்சுக்கணும். 'கிளாஸ்ல மூணு பட்டன் வெக்கலாம்'னு ஒரு வரி இருந்தது. "வெக்கலாம்னா வெக்காமலும் இருக்கலாம்ல?"ன்னு ஒரு வக்கீல் பாயின்ட்டைப் பிடிச்சான் பாருங்க! அன்னையில இருந்து கட்டாயம்னா 'ணும்', விருப்பம்னா 'லாம்', கிடையவே கிடையாதுன்னா 'கூடாது'. தமிழ் அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க.

கார்டு பிரின்ட் பண்ண, சீட்டுக்கட்டு சைஸான 63க்கு 88 மி.மீ. வெச்சீங்கன்னா ஏ4 ஷீட்ல சரியா ஒன்பது வரும். எங்களுக்கு மொத்தம் 108 கார்டு, 12 ஷீட். ஜெராக்ஸ் கடையில தடிமனான ஆர்ட் பேப்பர்ல போட்டு வெட்டிக்கலாம். லேமினேஷன் வேணாம், குலுக்க வராது.

இப்போ டீம்ல ஓடுற சண்டை, ரூல் புக்ல எது முதல் பக்கம்னு. மெக்கானிக்கலும் ஈ.சி.ஈ.யும் ரூல் பி. முதல் ஆட்டமே சந்தோஷமா இருக்கட்டும்கிறாங்க. ஐ.டி. ரூல் ஏ. "முதல்ல என் கார்டை வெச்சு ஒரு தடவை தோத்துப் பாருங்க, அப்புறம் பி-க்கு வாங்க"ங்கிறா. நான் ஐ.டி. கட்சி. ஓட்டு ரெண்டுக்கு ரெண்டு, அதனால பிரின்ட் போகாம நிக்குது.

அதுவரைக்கும் நீங்க காத்திருக்க வேணாம். நாலு பேர், 48 பட்டன், ரெண்டு டைஸ், நாலு கேரக்டர் சீட்டு இருந்தா போதும், மேல சொன்ன ரூல்ஸை வெச்சு இன்னைக்கு சாயங்காலமே கேன்டீன்ல ஆரம்பிச்சுடலாம். சீட்டை நல்லா குலுக்கிப் போடுங்க. பஸ் வந்தவர் ரீ-டீல் கேட்டா... கூடாது!