மீன்தொட்டித் தானியங்கி நீர் நிரப்பி

மீன்தொட்டித் தானியங்கி நீர் நிரப்பி என்பது, வீட்டு மீன்தொட்டியில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரைத் தானாகவே சேர்த்து, நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் அமைப்பு ஆகும். நீர்மட்டத்தை அறியும் உணரி அல்லது மிதவை, நீர் சேமிக்கும் கலம், நீரைக் கொண்டு சேர்க்கும் குழாய் அல்லது பம்பு ஆகியவை இதன் பகுதிகள். கடல்நீர்த் தொட்டிகளிலும் பவளத் தொட்டிகளிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது. உணரி பழுதடைந்தாலும் நீர் அளவுக்கு மீறிச் சேராதபடி பார்த்துக்கொள்வதே இதன் அமைப்பில் முதன்மையானது.

தேவை

ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது. அதில் கரைந்துள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. எனவே 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் சுமார் 3,500 கிராம் உப்பு இருக்கும். 5 லிட்டர் நீர் ஆவியானால், அதே உப்பு 95 லிட்டரில் அடங்கி, லிட்டருக்கு 36.8 கிராமாக உயர்கிறது. குறைந்த நீருக்குப் பதிலாக உப்புநீரையே ஊற்றினால் உப்பு மேலும் கூடும். ஆகவே கடல்நீர்த் தொட்டியிலும் நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். எதிர் சவ்வூடுபரவல் முறையில் (ஆர்.ஓ.) தூய்மையாக்கிய நீர் இதற்கு ஏற்றது.

நன்னீர்த் தொட்டியிலும் இதே விதி பொருந்தும். கடினத்தன்மை மிக்க ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து சேர்த்தால், தொட்டி நீரின் கடினத்தன்மை சிறிது சிறிதாக ஏறும். மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டும் ஆவியாவதில்லை. எனவே நீர் நிரப்புதல், குறிப்பிட்ட இடைவெளியில் தொட்டி நீரை மாற்றுவதற்கு ஈடாகாது.

ஆவியாகும் அளவைக் கணித்தல்

தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியுள்ளது என்று பார்க்கலாம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால், 1.8 லிட்டர் ஆவியாகியுள்ளது. மின்விசிறிக் காற்று, திறந்த மேற்பரப்பு, வறண்ட வானிலை ஆகியவை இந்த அளவைக் கூட்டும், மூடி குறைக்கும்.

வகைகள்

கவிழ்த்த குப்பி: கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கலத்தைப் போன்றது. குப்பியின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் காற்று உள்ளே புகுந்து நீர் வெளிவரும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அறை வெப்பம் உயரும்போது குப்பியிலுள்ள காற்று விரிந்து சிறிதளவு நீரைத் தள்ளக்கூடும்.

மிதவை வால்வு: மாடித் தொட்டியில் உள்ள மிதவை வால்வின் சிறிய வடிவம். உயரத்தில் வைத்த கலத்திலிருந்து நீர் தானாக இறங்கும். வால்வின் அடைப்பில் தூசியோ உப்புப் படிவோ சேர்ந்தால் அது முழுமையாக மூடாது.

மின்னணு நிரப்பி: உணரி கட்டளையிட, சிறிய பம்பு நீரை ஏற்றும். மிதவைச் சுவிட்சில் மிதவையிலுள்ள காந்தம் மின்சுற்றை இணைக்கவோ துண்டிக்கவோ செய்கிறது. ஒளி உணரியில் அகச்சிவப்புக் கதிர் பயன்படுகிறது. உணரியின் முனை காற்றில் இருக்கும்போது கதிர் உள்ளேயே எதிரொளிக்கும். நீரில் மூழ்கும்போது பெரும்பகுதி வெளியேறிவிடும்.

பழுதுகள்

நத்தை, பாசி அல்லது உப்புப் படிவு மிதவையை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம். அப்போது தொட்டி நிரம்பிய பின்னும் பம்பு ஓடும். சேமிப்புக் கலத்தின் நீர்மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்பு நின்ற பின்னும் சைஃபன் ஓட்டத்தால் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கலம் தாழ்வாக இருந்து குழாய் முனை தொட்டி நீரில் மூழ்கியிருந்தால், தொட்டி நீர் கலத்துக்குத் திரும்பும். கலம் வறண்டால் பம்பு நீரின்றி ஓடிக் கெடும்.

பாதுகாப்பு முறைகள்

1. கலத்தின் கொள்ளளவை வரையறுத்தல்: கலத்து நீர் முழுவதும் கொட்டினாலும் தொட்டி வழியக்கூடாது, உப்பளவும் அபாயமாகக் குறையக்கூடாது. மேற்கூறிய 100 லிட்டர் தொட்டியில் கூடுதலாக 10 லிட்டர் சேர்ந்தால் உப்பளவு 31.8 கிராமாகவும், 20 லிட்டர் சேர்ந்தால் 29.2 கிராமாகவும் இறங்கும். 500 லிட்டர் மாடித் தொட்டியின் குழாயை நேராக இணைத்தால் இந்த வரம்பே இல்லை. குளோரின் நீக்கப்படாத நீர் மீன்களுக்கு நச்சாவதும் உண்டு.

2. இரண்டாவது தடுப்பு: வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே தனியான இன்னொரு உணரி பம்பை நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பம்பு ஓடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் நேர வரம்பும் உதவும்.

3. காற்று இடைவெளி: குழாய் முனை நீர்ப்பரப்புக்கு மேலும், கலத்தின் நீர்மட்டத்துக்கு மேலும் இருக்க வேண்டும்.

4. உணரியின் இடம்: கீழே துணைத்தொட்டி உள்ள அமைப்பில், நீரை மேலேற்றும் பம்பு இருக்கும் அறையில்தான் மட்டம் குறையும். ஆகவே உணரியையும் அங்கேயே பொருத்த வேண்டும்.

5. மின்காப்பு: குறைந்த மின்னழுத்தப் பம்பும், 30 மில்லியாம்பியர் கசிவு மின் துண்டிப்பானும் தேவை. மின்கம்பி செருகியை அடையும் முன் கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் செருகிக்குள் போகாது.

6. மூடி: கலத்தை இறுக மூடாவிட்டால் அதில் கொசு முட்டையிடும்.

பவளம் வளர்ப்போர் சிலர் நிரப்பு நீருடன் சுண்ணாம்புத் தெளிநீரைச் சேர்ப்பதுண்டு. நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் கார அமிலத்தன்மை எண் 12-க்கு மேல் இருப்பதால், பம்பு நிற்காமல் ஓடினால் உயிரினங்கள் இறக்க நேரிடும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறையாவது உணரியையும் வால்வையும் துடைத்து, மிதவையைக் கையால் உயர்த்திப் பம்பு நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். வெளியூர் செல்வதற்கு முன்தினம் புதிதாக நிரப்பியைப் பொருத்துவதைத் தவிர்த்து, சில வாரங்கள் வீட்டில் இருக்கும்போதே அதன் இயக்கத்தைக் கவனிப்பது நல்லது.